நேட்டமைசினா, வோரிகோனசோலா: நெல் கீறிய கண்ணுக்கு எந்தச் சொட்டு?

தை அறுவடையில் டெல்டாவில் கண்ணுக்கு வரும் ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நெல் சுணை விழும், தாள் நுனி குத்தும், அறுவடை இயந்திரத்துக்குப் பின்னால் நிற்பவர் முகத்தில் பதர் தெறிக்கும். குறுவை நடவிலும் களையெடுப்பிலும் இலை நுனி கீறும்; கரும்புத் தோகை இன்னும் மோசம். கீறல் சிறியது என்று விட்டுவிடுகிறார்கள். சில நாளில் கருவிழியில் சாம்பலும் வெள்ளையுமாக ஒரு திட்டு தெரியும். அதற்குப் பிறகு எழும் கேள்விதான் இந்த அலசல்: பூஞ்சைப் புண் என்று தெரிந்தபின் நேட்டமைசின் 5 சதவீதச் சொட்டா, வோரிகோனசோல் 1 சதவீதச் சொட்டா?

மருந்துக் கடையில் கேட்டால் வோரிகோனசோல் புதியது, விலை கூடியது, ஆகவே வீரியமானது என்பார்கள். கண்ணுக்கு நல்லது செய்யவேண்டும் என்று கடன் வாங்கியாவது அதையே கேட்கும் குடும்பங்கள் உண்டு. ஆராய்ச்சி முடிவு இதற்கு நேர் எதிர். அந்த ஆராய்ச்சி நடந்ததும் வேறெங்கோ அல்ல, நம் பக்கத்து நோயாளிகளிடம்தான்.

மதுரையில் 1994-ன் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கண்ணில் முன்பே அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்த மாதிரிகளில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறைய சரிபாதி. பூஞ்சைகளில் முதலிடம் ஃபியூசேரியம், அடுத்தது அஸ்பெர்ஜில்லஸ். ஃபியூசேரியம் மண்ணிலும் பயிரிலும் வாழ்வது; நெல்லோடும் கரும்போடும் புழங்குகிறவர் அதைத் தவிர்த்து நடக்க முடியாது. டெல்டாவில் மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒரு பெயரை மனதில் வைத்துக்கொண்டால் பாதி குழப்பம் தீரும்.

முதலில் இரண்டு மருந்தும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கலாம். நேட்டமைசின் 1950-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. பூஞ்சையின் செல்சுவரை ஒட்டிய சவ்வில் இருக்கும் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைப் பிடித்துக்கொண்டு அதைச் செயலிழக்க வைக்கும். மூலக்கூறு பெரிது, நீரில் கரையாது, கருவிழிக்குள் ஆழமாக ஊடுருவாது. அதுதான் அதன் மேல் காலங்காலமாக உள்ள குறை. வோரிகோனசோல் எர்கோஸ்டெரால் தயாராவதையே தடுக்கும். கருவிழியைத் தாண்டி, அதற்குப் பின்னால் உள்ள முன்னறை நீர் வரை எளிதில் போய்ச் சேரும். ஏட்டில் பார்த்தால் வோரிகோனசோல்தான் ஜெயிக்கவேண்டும்.

2010-க்கும் 2011-க்கும் இடையில் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2013-ல் வெளிவந்தது. யார் எந்த மருந்து போடுகிறார்கள் என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்வையை அளப்பவருக்கும் தெரியாது. முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு சொட்டு, பிறகு மூன்றாம் வாரம் முடியும் வரை இரண்டு மணிக்கொரு சொட்டு. மூன்று மாதம் கழித்து நேட்டமைசின் போட்டவர்களின் பார்வை, வோரிகோனசோல் போட்டவர்களைவிட எழுத்து அட்டையில் சராசரியாக இரண்டு வரிசைக்குச் சற்றுக் குறைவாக மேலாக இருந்தது. கருவிழி துளைபடுவதும் அவசர மாற்று அறுவைக்குப் போவதும் நேட்டமைசின் குழுவில் தெளிவாகக் குறைவு. வாய்ப்பு விகிதம் 0.42, அதாவது வோரிகோனசோல் குழுவோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. இந்த வித்தியாசத்தைப் பார்த்து, ஆய்வைக் கண்காணிக்கும் பாதுகாப்புக் குழு ஆய்வைத் திட்டமிட்ட எண்ணிக்கைக்கு முன்பே நிறுத்தச் சொன்னது.

ஆனால் அந்தச் சராசரிக்குள் இரண்டு வேறு கதைகள் இருந்தன. ஃபியூசேரியம் வளர்ந்த கண்களில் நேட்டமைசின் நான்கு வரிசை முன்னால் நின்றது. மற்ற பூஞ்சைகளில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. அஸ்பெர்ஜில்லஸ் என்றால் எதைப் போட்டாலும் ஒன்றுதான். அவற்றிலும் ஃபிளேவஸ் இனம் ஆய்வகச் சோதனையில் நேட்டமைசினுக்குச் சற்று அடங்காதது. ஃபியூசேரியம் என்றால் வோரிகோனசோலை மட்டும் நம்புவது கண்ணைப் பணயம் வைப்பது. எந்தப் பூஞ்சை என்று வளர்ப்புச் சோதனை சொல்லப் பல நாள் ஆகும், மருந்தை அன்றே தொடங்கவேண்டும். அப்படியென்றால் எதைத் தொடங்குவது என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

ஆழமாக ஊடுருவும் மருந்து ஏன் தோற்றது? ஃபியூசேரியத்தை அடக்க வோரிகோனசோல் அதிக அளவில் தேவைப்படுகிறது என்பது ஒரு விளக்கம். உள்ளே சீக்கிரம் போவது சீக்கிரம் வெளியேறியும் விடும், இரண்டு சொட்டுக்கு இடையில் அளவு இறங்கிவிடும் என்பது இன்னொன்று. நேட்டமைசின் புண்ணின் மேலேயே படிந்து கிடக்கிறது.

அந்தப் படிவுதான் வீட்டில் சண்டைக்கும் காரணம். நேட்டமைசின் புட்டியை ஒரு மணி நேரம் வைத்தாலே தெளிந்த சுண்ணாம்பு போல மருந்து அடியில் தங்கிவிடும். குலுக்காமல் விட்டால் முதல் வாரம் முழுக்க வெறும் நீரைத்தான் கண்ணில் விடுகிறோம். அடியில் மிஞ்சிய கெட்டி மருந்து கடைசியில் வரும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி, கீழ் இமையை இழுத்து, அந்தப் பையில் ஒரே ஒரு சொட்டு. புட்டி நுனி இமை முடியில் படக்கூடாது. விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் லேசாக அழுத்திப் பிடிக்கவேண்டும். வேறு சொட்டும் இருந்தால் ஐந்து நிமிடம் இடைவெளி. புண்ணின் மேலும் இமைக்குள்ளும் வெள்ளையாக மருந்து ஒட்டியிருக்கும். அதைச் சீழ் என்றோ புண் பெரிதாகிறது என்றோ நினைத்து முந்தானையால் ஒற்றி எடுத்துவிடுகிறார்கள். எடுக்கவேண்டாம். காலை ஆறு மணி முதல் இரவு பத்து வரை மணிக்கொன்று என்றால் ஒரு நாளைக்கு 17 சொட்டு, 5 மி.லி. புட்டி ஒரு வாரத்துக்குப் போதாது. இரண்டு புட்டியாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தது என்று ஒரு நாள் விடுபடுவது புண்ணுக்குத்தான் லாபம்.

வோரிகோனசோல் பெரும்பாலும் தூளாகவும் கரைக்கும் நீராகவும் தனித்தனியே வரும், கரைத்தபின்தான் சொட்டு. கரைத்ததும் தெளிவாக இருக்கும், ஒட்டாது, உறுத்தல் குறைவு. நோயாளிக்குப் பிடித்துப்போவது இயல்பு. கரைத்த பிறகு ஆயுள் குறைவு, குளிரில் வைக்கவேண்டும். மே மாத வெயிலில் மின்வெட்டு நேரத்தில் கூரை வீட்டில் இது எப்படி இருக்கும் என்று எழுதிக்கொடுப்பவர் யோசித்துத்தான் கொடுக்கவேண்டும். லேபிளில் உள்ள கெடுவைத் தாண்டினால் தூக்கிப்போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அப்போது வோரிகோனசோலுக்கு இடமே இல்லையா? உண்டு, ஆனால் இரண்டாம் வரிசையில். டெல்லி எய்ம்ஸில் இரண்டு வாரம் நேட்டமைசின் விட்டும் புண் ஆறாத 40 கண்களில் நேட்டமைசினை நிறுத்தாமலே வோரிகோனசோலைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்குச் சொட்டாக, இன்னொரு பாதிக்குக் கருவிழிக்குள் ஊசியாக. 2013-ல் வந்த முடிவில் சொட்டே போதுமானதாக இருந்தது, ஊசியால் கூடுதல் பலன் இல்லை. பிறகு தமிழகத்தில் ஆரம்பத்திலேயே ஊசி போட்டுப் பார்த்த ஆய்வு 2019-ல் வந்தது: 70 பேர், பலன் இல்லை, துளைபடுவது ஊசி போட்டவர்களிடம் அதிகம். ஆழமான புண்ணுக்கு ஊசி என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அழுகி இளகிய கருவிழியில் பல இடங்களில் ஊசி குத்தி நீர் ஏற்றுவது வேறு விஷயம்.

மாத்திரையாக வோரிகோனசோல் சேர்ப்பதை 240 கடுமையான புண்களில் இந்தியாவிலும் நேபாளத்திலும் சோதித்தார்கள், 2016-ல் முடிவு வந்தது. துளைபடுவதையோ மாற்று அறுவையையோ அது குறைக்கவில்லை. கல்லீரல் நொதிகள் ஏறின, பார்வையில் வெளிச்சமும் நிறமும் மாறித் தெரிந்தன. வெயிலில் வேலை செய்பவருக்குத் தோல் எரிச்சலும் வரும். வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, சில கொழுப்பு மாத்திரைகளோடு இது ஒத்துப்போகாது. எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்கவேண்டிய மாத்திரை அல்ல. புண் வெள்ளைவிழியைத் தொட்டாலோ உள்ளே முன்னறைக்கு இறங்கினாலோ மருத்துவர் தனியாக முடிவெடுப்பார்.

மற்ற போட்டியாளர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி 0.2 சதவீதச் சொட்டாக மலிவு, எங்கும் கிடைக்கக்கூடியது. நேட்டமைசின் கிடைக்காத ஊர்களுக்கு மாற்றாகும் என்ற நம்பிக்கை இருந்தது. நேபாளத்தில் 354 பேரிடம் நடந்த ஆய்வு 2022-ல் நேட்டமைசின் தெளிவாக மேல் என்று காட்டியது. ஆம்போடெரிசின் பி ஊசி மருந்தை 0.15 சதவீதமாகக் கலக்கிச் சொட்டாக்குவது கேண்டிடா போன்ற ஈஸ்ட்டுக்குப் பயன்படும். அதைக் கிருமி நீக்கிய நீரில்தான் கலக்கவேண்டும், உப்புநீரில் கலக்கினால் திரிந்துபோகும், வெளிச்சம் படக்கூடாது. ரைபோஃபிளேவினும் புறஊதா ஒளியும் வைத்துக் கருவிழியை இறுக்கும் சிகிச்சையைச் சேர்த்துப் பார்த்த மதுரை ஆய்வில் பார்வை மோசமாகத்தான் ஆனது. அதிக விலையுள்ள அந்தச் சிகிச்சையைப் பூஞ்சைப் புண்ணுக்கு யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

எந்தச் சொட்டு என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அதற்கு முன்னால் இருக்கிறது: பூஞ்சைதானா? இறகு போல் பிசிறிய விளிம்பு, சற்று மேடாக உலர்ந்த தோற்றம், பெரிய திட்டுக்குப் பக்கத்தில் குட்டித் திட்டுகள் ஆகியவை பூஞ்சையைச் சொல்லும் அடையாளங்கள். ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் சொல்வதில் அனுபவசாலிகளும் தவறுவார்கள். சுரண்டிப் பார்க்கவேண்டும். மரத்துப்போகும் சொட்டு விட்டு, 15-ஆம் எண் கத்தி அலகால் புண்ணின் விளிம்பிலும் அடியிலும் சுரண்டுவார்கள். நடுவில் கிடக்கும் செத்த சதையை மட்டும் எடுத்தால் ஒன்றும் தெரியாது. ஒரு கண்ணாடித் தகட்டில் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, இன்னொன்றில் பாக்டீரியாவைக் காட்டும் கிராம் சாயம், மீதி வளர்ப்புத் தட்டில். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தகட்டில் கிளைவிட்ட, குறுக்குச் சுவருள்ள இழைகள் தெரிந்தால் சில நிமிடங்களிலேயே விடை. திருச்சி ஜோசப் கண் மருத்துவமனை, புதுச்சேரி அரவிந்த் போன்ற இடங்களில் இது அன்றாட வேலை. நுண்ணோக்கி இருக்கும் எந்தக் கண் பிரிவும் செய்யக்கூடியது. சுரண்டாமல் மூன்று வகைச் சொட்டு எழுதிக்கொடுத்தால், பிறகு சுரண்டினாலும் கிருமி வளராது.

இழைகள் ரிப்பன் போல அகலமாக, குறுக்குச் சுவர் அதிகம் இல்லாமல் தெரிந்தாலோ, ஒரு வாரம் ஒழுங்காக மருந்து விட்டும் புண் விரிந்தாலோ பித்தியம் என்ற நீர்வாழ் உயிரைச் சந்தேகிக்கவேண்டும். தேங்கிய நீரிலும் வயலிலும் இருப்பது. பார்க்கப் பூஞ்சை, ஆனால் பூஞ்சை அல்ல; அதன் சவ்வில் எர்கோஸ்டெராலே இல்லை. ஆகவே நேட்டமைசினும் எடுபடாது, வோரிகோனசோலும் எடுபடாது. லினிசோலிட், அசித்ரோமைசின் என்று வேறு பாதை. வாய்க்காலும் வயலுமான டெல்டாவில் இதை மறந்துவிட்டு ஒரு பூஞ்சை மருந்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருப்பது நாட்களைத் தொலைப்பது.

இரண்டு சொட்டையும் தோற்கடிக்கும் மூன்றாவது சொட்டு ஒன்று உண்டு, ஸ்டீராய்டு. கண் சிவந்தால் கடையில் எடுத்துக்கொடுக்கும் கலவைச் சொட்டுகளில் பெரும்பாலும் இது இருக்கும். இரண்டு நாளில் சிவப்பும் வலியும் குறையும், உள்ளே பூஞ்சை தடையில்லாமல் வளரும். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃபுளூரோமெத்தலோன், லோட்டிபிரட்னால் என்ற பெயர்களில் ஒன்று அட்டையில் இருந்தால் கீறல் பட்ட கண்ணுக்கு அது கூடாது. விளக்கெண்ணெய், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, நாக்கால் தூசி எடுப்பது எல்லாம் இதே கணக்கில்தான் வரும். கண்ணை இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம்.

கீறல் பட்ட அன்றே செய்யக்கூடியது மலிவானது. நேபாளத்தின் பக்தபூரில் கீறல் பட்டவர்களுக்கு 1 சதவீதக் குளோராம்பெனிகால் களிம்பை ஒரு நாளைக்கு மூன்று முறை, மூன்று நாள் போட்டார்கள்; 18 மணி நேரத்துக்குள் தொடங்கிய யாருக்கும் புண் வரவில்லை என்று 2001-ல் எழுதினார்கள். மதுரை மாவட்டக் கிராமங்களில் அதோடு பூஞ்சைக் களிம்பையும் சேர்த்துப் பார்த்ததில் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே முன்னெச்சரிக்கை என்று நேட்டமைசினை வாங்கி வீட்டில் வைப்பது தேவையற்ற செலவு.

மருந்து பிடிக்கிறதா என்று சிவப்பை வைத்துச் சொல்லமுடியாது. பிசிறிய விளிம்பு மழுங்கவேண்டும், மேலே தோல் மூடவேண்டும், மில்லிமீட்டர் கணக்கில் அளந்த புண் சுருங்கவேண்டும். பூஞ்சைப் புண் மெதுவாகத்தான் ஆறும். முதல் வாரத்தில் அப்படியே நிற்பதும் நல்ல செய்திதான். திடீரென்று கண்ணீர் கொட்டி வலி குறைந்தால் ஆறிவிட்டது என்று மகிழவேண்டாம், கருவிழி துளைபட்டிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். சிறு துளை என்றால் பசை வைத்து அடைப்பார்கள், பெரிது என்றால் தானக் கருவிழி. அந்த அவசர மாற்று கண்ணைக் காப்பாற்றச் செய்வது, பார்வைக்காக அல்ல. மாற்றிய கருவிழி தெளிவாக நிற்பது குறைவு. பூஞ்சை மீண்டும் வரும் என்பதால் வழக்கமாக உடனே தரும் ஸ்டீராய்டையும் தள்ளிப்போடுவார்கள். நேட்டமைசின் அறுவைக்குப் பிறகும் சில வாரம் தொடரும்.