ஓப்பன்எஸ்எஸ்எல்: பூட்டு கெட்டி, பிழைச் செய்திதான் உயிரை வாங்குகிறது

இணையத் தொடர்புகளை மறையாக்கிக் காக்கும் (அந்த முறைக்குப் பெயர் டிஎல்எஸ்) லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 3.0 பதிப்புக்கான ஆதரவு 2026 செப்டம்பர் 7-உடன் முடிகிறது. "3.5-க்கு ஏறலாமா, இல்லை இந்தச் சனியனையே விட்டுத் தொலைத்துவிடலாமா?" என்று சி மொழியில் சர்வர் எழுதும் நண்பர் கேட்டார். வேகம், அல்காரிதம் பட்டியல் எல்லாம் ஊரறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். இந்த லைப்ரரியோடு வருடக்கணக்காகக் குடித்தனம் நடத்தியும் ஆறாத எரிச்சல் ஒன்று உண்டு: எரர் கியூ, அதாவது பிழைகளை வரிசையாகச் சேர்த்துவைக்கும் இடம்.

ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் இழை) ஒரு கியூ, அதில் 16 இடம். ஏதாவது ஒரு ஃபங்ஷன் தோற்றால் காரணத்தை அதில் போட்டுவிட்டுப் போகும். அடுத்த ஃபங்ஷன் ஜெயித்தாலும் பழையதைத் துடைக்காது. முன்னால் சாப்பிட்டவரின் எச்சில் இலையை எடுக்காமலே அடுத்தவரை உட்காரவைக்கிற பந்தி இது. விபரீதம் என்னவென்றால், ஏன் தோற்றது என்று சொல்ல வேண்டிய 'எஸ்எஸ்எல்_கெட்_எரர்' நீங்கள் கொடுக்கும் ரிட்டர்ன் மதிப்போடு அந்த இலையையும் பார்த்துத்தான் பதில் சொல்லும்.

எங்கே அடிபடும் என்றால், சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) சான்றிதழ்கள் அடங்கிய பெம் வடிவக் கோப்பை லூப் போட்டு வாசிப்பது எல்லோரும் செய்வது. கோப்பு தீர்ந்ததும் 'நோ ஸ்டார்ட் லைன்' என்ற பிழை கியூவில் விழும். அது பிழையே அல்ல, கோப்பு முடிந்தது என்று அர்த்தம். அதைத் துடைக்காமல், பிளாக் ஆகாத (டேட்டாவுக்காகக் காத்து நிற்காத) சாக்கெட்டில் 'எஸ்எஸ்எல்_ரீட்' அழைத்தால் டேட்டா இன்னும் வராததால் -1 கிடைக்கும். 'வான்ட் ரீட்', அதாவது கொஞ்சம் பொறு, என்று வரவேண்டிய இடத்தில் பழைய இலையைப் பார்த்து 'எஸ்எஸ்எல்_எரர்_எஸ்எஸ்எல்' என்று வரும். நல்ல கனெக்‌ஷனை நீங்களே அறுத்துவிடுவீர்கள். ஈவன்ட் லூப் சர்வரில் எல்லாக் கனெக்‌ஷனும் ஒரே த்ரெட்டில் ஓடுவதால், ஒருவரின் கெட்ட சான்றிதழ் இன்னொருவரின் கனெக்‌ஷனைக் கொல்லும். லோடு ஏறினால் மட்டும் வருகிற, டெஸ்டில் சிக்காத பிழைகளில் பாதி இந்த வகைதான்.

மருந்து எளிது. ரீட், ரைட், ஹேண்ட்ஷேக் (இணைப்பின் தொடக்கப் பேச்சு) ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'இஆர்ஆர்_கிளியர்_எரர்'. தோற்றால் அதே த்ரெட்டில், இடையில் வேறெந்த ஓப்பன்எஸ்எஸ்எல் அழைப்பும் இல்லாமல் 'எஸ்எஸ்எல்_கெட்_எரர்'. நீங்கள் எழுதுவதே இன்னொருவர் பயன்படுத்தும் லைப்ரரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு துடைக்காதீர்கள். அழைத்தவரின் பிழையும் சேர்ந்து போய்விடும். முதலில் 'இஆர்ஆர்_செட்_மார்க்', வேலை முடிந்ததும் 'இஆர்ஆர்_பாப்_டு_மார்க்'. லாகில் கடைசிப் பிழையை மட்டும் எழுதுவதும் வீண். உள்ளே முதலில் தோற்ற இடம்தான் கியூவில் முதலில் நிற்கும். அதற்கு மேல் வருபவை பெரும்பாலும் "கீழே ஏதோ தப்பு" என்ற வெற்று வரிகள். காலியாகும்வரை முழுவதையும் எடுத்து எழுதுங்கள்.

இத்தனை கூளத்தைச் சேர்த்துவைக்கிற கியூ, ஏஇஎஸ்-ஜிசிஎம் மறையாக்கத்தில் டேக் (டேட்டா மாறவில்லை என்பதற்கான முத்திரை) பொருந்தாவிட்டால் வாயே திறக்காது. 'டிகிரிப்ட்ஃபைனல்' 0 தரும், கியூ காலி, லாகில் எட்டு பூஜ்யம். சாவியா, ஐவியா (தொடக்க மதிப்பு), டேக்கா என்று காட்டிக்கொடுக்காதது சரிதான். தாக்குபவருக்கும் அதே செய்தி போகுமே. "டேக் பொருந்தவில்லை" என்றாவது சொல்லித் தொலைக்கலாம். தேட வேண்டிய வரிசை: ஐவி இரு பக்கமும் 12 பைட்தானா (இல்லையென்றால் ஐவியைக் கொடுப்பதற்கு முன்பே அதன் நீளத்தைச் சொல்ல வேண்டும்), ஜாவாவிலிருந்து வந்ததா (அங்கே 16 பைட் டேக், மறையாக்கிய டேட்டாவின் வாலிலேயே ஒட்டி வரும், வெட்டி எடுக்க வேண்டும்), டேக்கை ஃபைனலுக்கு முன் கொடுத்தீர்களா, ஏஏடி (மறைக்கப்படாமல் முத்திரையில் மட்டும் சேரும் டேட்டா) ஒரு பைட் பிசகாமல் அதேதானா. ஃபைனல் 1 என்று சொல்லும்வரை வெளிவந்த டேட்டாவை நம்பக் கூடாது. சிபிசி என்ற பழைய முறையில் 'பேட் டிகிரிப்ட்' என்று சத்தமாவது போடும். ஆனால் தப்பான சாவியும் சுமார் 256-க்கு ஒருமுறை பேடிங் (கடைசியில் நிரப்பும் பைட்டுகள்) சோதனையில் தேறிக் குப்பையைக் கொடுக்கும்.

ரிட்டர்ன் மதிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1 வெற்றி, 0 தோல்வி, சில இடங்களில் -1, -2-உம் தோல்வி. பூஜ்யமா என்று மட்டும் பார்க்கிற 'இஃப்' போட்டால் -1 வெற்றியாகிவிடும். கையெழுத்துச் சரிபார்ப்பில் இதே தவறு ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சொந்தக் கோடிலேயே இருந்தது. சிவிஇ-2008-5077 (பாதுகாப்புக் குறைகளுக்குக் கொடுக்கும் பதிவு எண்) என்று 2009 ஜனவரியில் திருத்தினார்கள். எழுதியவர்களே சறுக்குகிற படியில் மற்றவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 1-க்குச் சமமா என்றே கேளுங்கள்.

நியாயமாகப் பார்த்தால், 3.0-இல் கொஞ்சம் திருந்தினார்கள். நோட்.ஜேஎஸ் 17 வந்தபோது வெப்பேக் 4 (ஜாவாஸ்கிரிப்ட் பில்டு கருவி) வைத்திருந்தவர்களை அலறவைத்த 0308010சி 'அன்சப்போர்ட்டட்' நினைவிருக்கும். எம்டி4 என்ற பழைய ஹாஷ் அல்காரிதம், தனியாக ஏற்ற வேண்டிய லெகசி ப்ரொவைடர் என்ற தொகுப்புக்குப் போனதுதான் காரணம். அந்தப் பிழைக்குள் அல்காரிதத்தின் பெயரும் இருக்கிறது. சுருக்கமாக அச்சிடும் பழைய ஃபங்ஷன் அதை விழுங்கிவிடும். 'இஆர்ஆர்_கெட்_எரர்_ஆல்' பயன்படுத்தினால் கிடைக்கும். லெகசியை கான்ஃபிக் கோப்பில் ஏற்றும்போது டிஃபால்ட்டையும் சேர்த்து ஆக்டிவேட் செய்யுங்கள். ஒன்றைப் பெயர் சொல்லி ஏற்றினால் டிஃபால்ட் தானாக வராது. பிறகு ஷா-256 கூட இல்லை என்று அழும்.

3.5-க்கு ஏறும்போது முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. குவாண்டம் கணினிக்கும் தாங்கும் சாவிப் பரிமாற்ற முறையான எம்எல்-கெம்-768, வழக்கமான எக்ஸ்25519-உடன் சேர்ந்து இயல்பாகவே முதல் செய்தியில் போகும். அந்தப் பங்கு மட்டும் 1,216 பைட். முதல் செய்தி ஒரு பாக்கெட்டில் அடங்காமல் போகலாம். வழியில் பழைய ஃபயர்வால் ஏதாவது இருந்து ஹேண்ட்ஷேக் தொங்கினால், ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சோதனைக் கட்டளையான 'எஸ்_கிளையன்ட்'டில் குரூப்பை (சாவிப் பரிமாற்ற முறை) எக்ஸ்25519 மட்டும் என்று வைத்துப் பாருங்கள். உடனே சேர்ந்தால் குற்றவாளி நடுவில் இருக்கிறான். சோர்ஸிலிருந்து பில்டு செய்பவர்கள், 64 பிட் லினக்ஸில் அது லிப்64-க்குள் போய் உட்காருவதையும், புரோகிராம் பழைய லிப்-இல் உள்ளதையே பிடித்துக்கொள்வதையும், எந்த லைப்ரரி ஏறுகிறது என்று காட்டும் 'எல்டிடி'யில் பார்த்துவிடுங்கள்.

கோப்பு மறையாக்கம் மட்டும் போதுமென்றால் லிப்சோடியம் என்ற வேறு லைப்ரரியே போதும்: 0 அல்லது -1, கியூவே கிடையாது. ஆனால் அதில் டிஎல்எஸ் இல்லை; நண்பருக்கு வேண்டியதோ டிஎல்எஸ். எனவே 3.5-க்கு ஏறட்டும், 2030 ஏப்ரல் வரை ஆதரவு இருக்கிறது. நட்சத்திரம் கேட்டால், இன்றைய மனநிலையில் ஐந்துக்கு இரண்டு.