கயிற்றுக் கட்டிலும் மஞ்சள் தாளும்: சிறு குழுக் கற்றலில் இரண்டரை ஆண்டுகள்

பக்கத்து வட்டாரத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நண்பர், "உங்கள் சனிக்கிழமைக் குழுவில் நானும் சேரலாமா அண்ணா, பயன் இருக்கிறதா?" என்று கேட்டார். ஒரே சொல்லில் பதில் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் குடும்ப மருத்துவர்களுக்காக உருவாகி, பின்னர் ஸ்காட்லாந்திலும் வேரூன்றிய சிறு குழுக் கற்றல் முறையைத்தான் இயன்முறை மருத்துவர்களான (பிசியோதெரபிஸ்ட்) நாங்கள் ஏழு பேர் எங்கள் வசதிக்கேற்பப் பின்பற்றுகிறோம். விரிவுரையாளர் கிடையாது. எங்களில் ஒருவரே நெறிப்படுத்துவார். ஒரு நோயாளியை முன்வைத்துப் பேச்சு தொடங்கும். கலையும் முன் ஒவ்வொருவரும் தம் சிகிச்சையில் எதை மாற்றப்போகிறார் என்பதை ஒரு மஞ்சள் தாளில் எழுதித் தர வேண்டும்.

பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்த ஓர் அம்மாவைப் பற்றி ஒருமுறை பேசினோம். அவருடைய மகன் இடக்கையைப் பிடித்து இழுத்தே அவரை எழுப்பி உட்கார வைத்துக்கொண்டிருந்தார். தசை தளர்ந்த தோள் அப்படி இழுபட்டால் மூட்டு நழுவும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கல்லூரியில் நாங்கள் பழகியது சமதளமான சிகிச்சை மேசையில். அந்த அம்மா கிடந்ததோ நடுவில் குழிந்த கயிற்றுக் கட்டிலில். அன்று நெறிப்படுத்தியவர் அப்படியொரு கட்டிலையே கொண்டுவந்து போட்டு, இடக்கையும் இடக்காலும் இல்லை என்று எண்ணிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னார். நான் மூன்று முறை குழிக்குள்ளேயே விழுந்தேன். ஜமுக்காளத்துக்கு அடியில் ஒரு பலகையைச் செருகிய பிறகுதான், வலப்பக்கம் புரண்டு முழங்கையை ஊன்றி எழ முடிந்தது. அடுத்த வாரம் அந்த வீட்டில் பழைய கதவுப் பலகை ஒன்றைப் போட்டோம். மகன் முதுகுப்புறம் தோள்பட்டையைத் தாங்கினால் போதும் என்றானது. எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்கு இதைக் கற்றுத் தந்ததில்லை.

என் கோபமெல்லாம் அந்த மஞ்சள் தாளின் மேல்தான். சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2016-இல் வெளியிட்ட கீழ்முதுகுவலி வழிகாட்டியை ஒரு மாதம் வரிவரியாகப் படித்தோம். உடற்பயிற்சியையும் வழக்கமான நடமாட்டத்தைத் தொடர்வதையும் வலியுறுத்தும் அது, அல்ட்ராசவுண்ட் ஒலியலைச் சிகிச்சை, டென்ஸ், ஐஎஃப்டி எனும் மின்சாரச் சிகிச்சைகள், முதுகை இழுத்துவிடும் டிராக்‌ஷன், இடுப்புப் பெல்ட் ஆகியவற்றை அளிக்க வேண்டாம் என்கிறது. அதாவது, நம்மில் பலர் நாள் முழுவதும் செய்துகொண்டிருப்பதை. அரை மணி நேரம் சூடாக விவாதித்தோம். பிறகு ஏழு பேரும், இயந்திரத்தைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டுவதாக எழுதிக் கையொப்பமிட்டோம். அடுத்த மாதம் அந்தத் தாள்களை யாரும் எடுக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. எடுத்துப் படிக்க வேண்டும் என்று நான் இருமுறை சொன்னேன். "நம்பிக்கையின் பேரில் நடக்கும் குழு, தணிக்கை எதற்கு?" என்றார் மூத்தவர் ஒருவர். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு: கேள்வி கேட்பார்கள் என்ற பயம் வந்துவிட்டால், தவறிய சிகிச்சையைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள், கட்டிலும் வந்திருக்காது. ஆனாலும் அந்த மஞ்சள் தாள்களைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. எனக்கும் இதில் யோக்கியதை குறைவுதான். "கரண்ட் வைக்கலையா சார்?" என்று நோயாளி முகம் சுளித்தால், விளக்கம் சொல்லப் பொறுமையில்லாத மாலைகளில் நானும் ஐஎஃப்டி பட்டைகளை ஒட்டிவிடுகிறேன். யாராவது என் தாளைப் படித்துக் காட்டியிருந்தால் ஒட்டியிருக்கமாட்டேன் என்றே நினைக்கிறேன்.

நண்பரிடம், எங்கள் குழுவில் சேர வேண்டாம், உங்கள் வட்டாரத்தில் நான்கு பேரைச் சேர்த்துப் புதிதாகத் தொடங்குங்கள், முதல் பத்து நிமிடத்தைப் பழைய தாள்களுக்கு ஒதுக்குங்கள் என்று சொல்லிவிட்டேன். நான் வரும் சனிக்கிழமையும் போகிறேன். இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட ஒரு பெரியவர் வீட்டுக் கழிப்பறையை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இம்முறை பேச்சு. நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை நான் கொண்டுபோக வேண்டும்.