அப்பாவின் யூனிஃபார்மை ஃபிரேம் போட்ட கடை: குன்னூர் பக்கம் போகிறவர்களுக்கு

அப்பாவுக்கு இந்த வருஷம் மணிவிழா. மெட்ராஸ் ரெஜிமென்டில் 33 வருஷம் இருந்து சுபேதார் மேஜராக ஓய்வு பெற்றவர். சிப்பாய்களுக்கும் ஆபீசர்களுக்கும் நடுவில் இருக்கும் நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்ற மூன்று ரேங்குகளில் மேலானது அது. யூனிஃபார்மும் மெடல்களும் எட்டு வருஷமாக டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை வாசனையோடு கிடக்கின்றன, அவற்றைக் கண்ணாடி ஃபிரேமில் போட்டுக் கொடுக்கலாம் என்று நானும் தம்பியும் முடிவு செய்தோம். முதலில் எங்கள் ஊரிலேயே ஒரு ஃபிரேம் கடையில் கொடுத்தோம். பழைய தோள் பேட்ஜ் நைந்து போயிருந்ததால் புதிதாக வாங்கி மாட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்பா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இது மேஜர் போடுறதும்மா. நான் மேஜர் இல்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விட்டுப்போனது ஒரு விரல் அகலம்கூட இல்லாத பட்டி. சிவப்பு, மஞ்சள், சிவப்பு. தோளில் அசோகச் சின்னம் மட்டும் இருந்தால் மேஜர். அதே சின்னத்துக்குக் கீழே இந்தப் பட்டி இருந்தால் சுபேதார் மேஜர். இரண்டு நட்சத்திரம் மட்டும் என்றால் லெப்டினன்ட், பட்டியோடு என்றால் சுபேதார். ஒற்றை நட்சத்திரமும் பட்டியும் நாயப் சுபேதாருக்கு. கடைக்காரரிடம் திரும்பப் போய்ச் சொன்னபோது, "சின்ன ரிப்பன்தானே, மேஜர்னா பெருமைதானே" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அது ரொம்ப வலித்தது. அப்பா சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக ஏறி வாங்கிய பட்டி அது. ஒரு பட்டாலியனுக்கு ஒரே ஒரு சுபேதார் மேஜர்தான். ஜவான்களின் குடும்பக் கஷ்டம், லீவுப் பிரச்சினை, மனக்குறை எல்லாம் கமாண்டிங் ஆபீசர் காதுக்கு அவர் வழியாகத்தான் போகும். அகாடமி முடித்துப் புதிதாக வரும் லெப்டினன்டுக்கு அப்பாவின் பிள்ளைகள் வயதுதான் இருக்கும். அப்பா அவருக்கு சல்யூட் அடிப்பார், அந்தப் பையனோ அப்பாவை "சாஹிப்" என்று கூப்பிட்டு, பிளட்டூனை எப்படி நடத்துவது என்று அவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்வான். இதை மேஜரோடு ஒப்பிட்டு மேலா கீழா என்று பார்க்கவே கூடாது, வேறு வேலை அது.

சரி, கடைக்கு வருகிறேன். அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் சொல்லித்தான் குன்னூரிலிருந்து வெலிங்டன் போகும் வழியில் இருக்கும் அந்தச் சின்னத் தையல் கடைக்குப் போனோம். மெட்ராஸ் ரெஜிமென்டின் சென்டர் வெலிங்டனில் இருப்பதால் அந்தப் பக்கம் இந்த வேலை தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்றார். கடையில் இருந்த பெரியவர் விலை பேசுவதற்கு முன் கேட்டது இரண்டே கேள்வி: "எந்த ரெஜிமென்ட்? என்ன ரேங்க்?" சொன்னதும், "சுபேதார் மேஜர் சாஹிபா, உட்காருங்கம்மா" என்று ஸ்டூலை எடுத்துப் போட்டார். எனக்கு அங்கேயே பாதி மனசு நிறைந்துவிட்டது.

பட்டிகளை ரேங்க் வாரியாகத் தனித்தனி டப்பாவில் வைத்திருக்கிறார். விமானப்படைக்காரர்களும் வருவார்களாம். அங்கே சிப்பாய்க்கும் ஆபீசருக்கும் நடுவில் இதே இடத்தில் இருப்பவர்கள் ஜூனியர் வாரண்ட் ஆபீசர், வாரண்ட் ஆபீசர், மாஸ்டர் வாரண்ட் ஆபீசர். பெயரில் ஆபீசர் இருப்பதால் வீட்டு ஆட்களே குழம்பிப்போய்த் தப்பான பேட்ஜ் கேட்பார்கள், அதனால் போட்டோ பார்க்காமல் தைக்க மாட்டேன் என்றார். அப்புறம் மெடல்கள். முந்தைய கடையில் பெரிதாகப் பளபளப்பாக இருந்ததை நடுவில் வைத்திருந்தார்கள். இவர் எல்லாவற்றையும் கழற்றி, மூத்த மெடல் மார்பின் நடுப்பக்கம் வருகிற மாதிரி வரிசையை மாற்றினார். நீண்ட சேவை மெடல்களில் 30 வருஷம் முதலில், பிறகு 20, கடைசியில் 9. ரிப்பன்களையும் புதிதாக மாற்றி, ஒரே கம்பியில் நேராகக் கோத்துக் கொடுத்தார்.

மொத்தம் 4,200 ரூபாய் ஆனது. முதல் கடையைவிட அதிகம்தான், ஆனாலும் கொடுக்கலாம். குறைகளும் உண்டு. பத்து நாள் என்றவர் மூன்று வாரம் இழுத்தார், போனை எடுப்பதே இல்லை, கூரியரில் அனுப்ப மாட்டார், நேரில்தான் போய் வாங்க வேண்டும். கண்ணாடி சாதாரணக் கண்ணாடி, ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் வெளிச்சம் அடித்து உள்ளே எதுவும் தெரியாது. அதனால் ஐந்துக்கு நான்கு தருகிறேன்.

இந்தப் பட்டிக்கு ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், இந்தப் பட்டி போடுகிறவர்களுக்கு மரியாதை பேச்சில் கிடைக்கிற அளவு காகிதத்தில் கிடைப்பதில்லை. ஏழாவது ஊதியக் குழுவின்படி ராணுவ சேவைப் படி லெப்டினன்ட் முதல் பிரிகேடியர் வரை மாதம் 15,500 ரூபாய். சுபேதார் மேஜருக்கு 5,200, நேற்றுச் சேர்ந்த சிப்பாய்க்கும் அதே 5,200. இதைக் கூட்டிக் கேட்டதை நிதி அமைச்சகம் 2018 டிசம்பரில் ஏற்கவில்லை. ஆனால் இந்தப் பட்டி போட்டவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. சியாச்சினில் 1987-இல் பாகிஸ்தான் வசம் இருந்த ஒரு சிகரத்தைப் பிடித்துப் பரம் வீர் சக்கரம் வாங்கிய பாணா சிங் அப்போது நாயப் சுபேதார். நீரஜ் சோப்ரா ராணுவத்தில் நேரடியாகச் சேர்ந்ததும் அதே ரேங்கில்தான்.

ஃபிரேமைக் கொடுத்ததும் அப்பா மெடலைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்தார். கண்ணாடி மேல் விரலை வைத்து அந்தப் பட்டியைத் தடவினார். "தம்பி சரியா தைச்சிருக்கான்" என்றார். தையல் கடைப் பெரியவரைத்தான் சொன்னார், மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு எல்லோரும் தம்பிதான். அன்று சாயங்காலமே கூட வேலை பார்த்த இரண்டு பேருக்கு போன் போட்டு வழி சொல்லிவிட்டார்.

போகிறவர்கள் காலையில் போங்கள், மதியத்துக்கு மேல் கடை பூட்டியிருக்கலாம். யூனிஃபார்மில் எடுத்த பழைய போட்டோ ஒன்றும், டிஸ்சார்ஜ் புக்கில் மெடல் விவரம் இருக்கும் பக்கத்தின் நகலும் கையில் இருக்கட்டும், அது இல்லாமல் அவர் ஊசியே எடுக்க மாட்டார்.