ஹீட்டர் கோர் அடைப்பு: தண்ணீரா, சிட்ரிக் ஆசிடா, காற்றா, புது கோரா?

டொராண்டோவில் ஜனவரி மாதம் காருக்குள் சூடு வரவில்லை என்றால் கை விறைப்பதோடு போகாது, முன்கண்ணாடியில் படிந்த பனி உருகாமல் எதிரே வருவதே தெரியாமல் போகும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் சூடாக ஓடி, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்தான் ஹீட்டர் கோர், அது அடைத்துக்கொண்டால் சூடு வராது. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் அடைப்புதானா என்று பாருங்கள். கூலண்ட் குறைந்திருந்தாலும் சூடு வராது. எஞ்சின் வெப்பமுள் மேலே ஏறவே இல்லையென்றால் கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் மேல்தான் சந்தேகம். இரண்டும் சரி என்றால், எஞ்சின் சூடான பிறகு ஹீட்டரை முழுதாக வைத்துவிட்டு, டாஷ்போர்டுக்குப் பின்னால் போகும் இரண்டு ஹோஸ்களையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கொதித்தால் கோரில் ஓட்டம் இருக்கிறது, காற்றைத் திருப்பும் மடலில்தான் கோளாறு. ஒன்று கொதித்து மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் பெரும்பாலும் அடைப்பு. என் காரில் அப்படித்தான் இருந்தது.

நான் முதலில் செய்தது தோட்டத்துக் குழாய்த் தண்ணீர். எஞ்சின் நன்றாக ஆறியபின் இரண்டு ஹோஸையும் கழற்றி, கூலண்ட் வெளியே வரும் வழியில் தண்ணீரை விட வேண்டும், அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில். வந்த பக்கமே சேறு திரும்பிப் போகட்டும். ஹோஸ் ஒட்டிக்கொண்டால் முறுக்கி இழுக்காமல் கத்தியால் கீறி எடுங்கள், ஹோஸ் மலிவு, கோரின் குழாய் உடைந்தால் டாஷ்போர்டையே கழற்ற வேண்டும். இன்னொன்று, கூலண்ட் அமைப்பு ஏறக்குறைய 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஓடுவது, வீட்டுக் குழாயில் 50க்கு மேலும் வரும். அதனால் கிளாம்ப் போட்டு இறுக்காமல் கையால் பிடித்து, கொஞ்சமாகத் திறந்து விட்டு விட்டு அடியுங்கள். எனக்குப் பழுப்பு நீர் சீக்கிரமே தெளிந்துவிட்டது, ஆனால் ஒரு வாளி நிரம்ப ஆகும் நேரத்தைப் பார்த்தால் ஓட்டம் அவ்வளவாகக் கூடவில்லை. தெளிந்த நீரை நம்பாதீர்கள், வாளியை நம்புங்கள்.

சிட்ரிக் ஆசிட் அங்கேதான் கைகொடுத்தது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் கலந்து ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டு அலசி, அதையே மூன்று முறை செய்தேன், வாளி நிரம்பும் நேரம் பாதியாகக் குறைந்தது. துருவுக்கும் உப்புப் படிவுக்கும் இது நன்றாகக் கேட்கும். வெவ்வேறு வகைக் கூலண்டைக் கலந்ததால் உண்டான கூழுக்கும், கசிவடைப்பு மருந்தின் துகளுக்கும் அவ்வளவாகக் கேட்காது, அவற்றுக்குத் தண்ணீரைத் திசை மாற்றி மாற்றி அடிப்பதே மேல். இப்போதைய கோர்கள் பெரும்பாலும் அலுமினியம், எனவே ராத்திரி முழுக்க ஆசிடை விட்டுவைக்காதீர்கள், கடைசியில் சமையல் சோடா கலந்த தண்ணீரால் ஒருமுறை அலசிவிட்டு நல்ல தண்ணீர் விடுங்கள். வினிகரும் வேலை செய்யும், மெதுவாக. சாக்கடை அடைப்பு நீக்கும் காரத் தூள் மட்டும் வேண்டவே வேண்டாம், அது அலுமினியத்தையே தின்றுவிடும்.

கம்ப்ரஸர் காற்றை அடைப்பு நீக்க நான் பரிந்துரைக்க மாட்டேன், பழைய கோர் தாங்காது. உள்ளே தங்கிய தண்ணீரை மிகக் குறைந்த அழுத்தத்தில் வெளியேற்ற மட்டும் அது போதும்.

புது கோர் கடைசி வழி. பொருள் விலை குறைவு, கூலிதான் கொல்லும், பல கார்களில் டாஷ்போர்டு முழுவதும் வெளியே வர வேண்டும். ஆனால் உள்ளே இனிப்பு வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பு, பயணி பக்கத் தரைவிரிப்பில் ஈரம் இருந்தால் கோர் ஓட்டையாகிவிட்டது. அப்போது அலசுவது வீண்.

எதைச் செய்தாலும் அக்டோபரிலேயே செய்யுங்கள், குளிருக்காக வெளிக்குழாயை மூடியபின் தண்ணீருக்குத் திண்டாட வேண்டும். கோரில் தங்கும் தண்ணீர் கூலண்டை நீர்க்கச் செய்துவிடும், கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால்தான் ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, ஆகவே நிரப்பியபின் சோதித்துப் பாருங்கள். வடித்த கூலண்ட் இனிக்கும் விஷம், பூனையும் நாயும் நக்கிவிடும். தெருச் சாக்கடையில் ஊற்றாமல் மூடிய கேனில் நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுத்துவிடுங்கள்.