எஃப்3 காட்டிய ஓவன்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மேலே அடுப்பு, கீழே ஓவன் என்று ஒன்றாக வரும் மின்சார ரேஞ்ச் ஒன்றைச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். மேல் அடுப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. கண்ணாடித் தளத்தில் அங்கங்கே கீறல் விழுந்திருக்கிறது; சூடு குறையவில்லை. வேலை வைத்ததெல்லாம் ஓவன்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒரு கட்டத்தில் திரையில் எஃப்3 என்று காட்டி, பீப் பீப்பென்று கத்திவிட்டு நின்றுபோனது.

எஃப்3 என்றால் என்ன என்று தேடினால் பெரும்பாலும் வரும் பதில் 'சென்சார் போச்சு, மாத்துங்க' என்பதுதான். இது பாதி உண்மை. பல கம்பெனிகளின் ஓவன்களில் எஃப்3 என்றால் வெப்பநிலை சென்சாரின் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். சுற்று என்றால் சென்சார் மட்டும் இல்லை. அதிலிருந்து கிளம்பும் இரண்டு வயர், நடுவில் இருக்கும் கனெக்டர், கடைசியில் ஓவனை இயக்கும் மின்னணுத் தட்டான கன்ட்ரோல் போர்டு எல்லாம் அதற்குள் அடக்கம். எந்தத் தெருவில் கோளாறு என்று எஃப்3 மாதிரியான பிழைக் குறியீடு, அதாவது கோட், சொல்லும்; எந்த வீடு என்று சொல்லாது. இன்னொன்று, எல்லா கம்பெனிக்கும் ஒரே அகராதி கிடையாது. ஒன்றில் சென்சாரைக் குறிக்கும் எண் இன்னொன்றில் கதவுப் பூட்டைக் குறிக்கலாம். கூடவே வரும் கையேட்டில் 'சர்வீஸை அழைக்கவும்' என்பதைத் தாண்டி ஒன்றும் இருக்காது. சரியான பட்டியல் டெக் ஷீட் என்ற மடித்த தாளில் இருக்கும். அதை கன்ட்ரோல் பேனலுக்குப் பின்னாலோ, கீழ் டிராயருக்கு அடியிலோ, பின்பக்கத் தகட்டிலோ செருகியிருப்பார்கள். என்னுடையது பேனலுக்குப் பின்னால் இருந்தது.

கோட் வருவதற்கு முன்பே ஓவன் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. வழக்கமான நேரத்துக்கு வைத்தால் நடுவில் வேகவில்லை, கூடுதல் நேரம் தேவைப்பட்டது. உள்ளே ஒரு ஓவன் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தபோது, திரையில் காட்டியதைவிட உண்மையான சூடு குறைவு. (இப்படிப் பார்க்கும்போது ஒரே ஒரு தடவை எட்டிப்பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். ஹீட்டர் எரிந்து அணைந்து ஓடுவதால் சூடு ஏறி இறங்கும். அரை மணி நேரம் விட்டு, ஏற்ற இறக்கத்தின் சராசரியைப் பாருங்கள்.) இதற்கும் எஃப்3க்கும் தொடர்பு இருக்கிறது என்பது பின்னால்தான் புரிந்தது.

இந்த வகை ஓவன்களில் பெரும்பாலும் இருப்பது பிளாட்டினம் சென்சார். சூடு ஏற ஏற அதன் மின்தடையும் ஏறும். 0 டிகிரி செல்சியஸில் 1000 ஓம், 25 டிகிரியில் சுமார் 1097 ஓம், 175 டிகிரியில் கிட்டத்தட்ட 1666 ஓம். ஒரு டிகிரிக்கு நாலு ஓமுக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது வழியில் இருக்கும் கனெக்டரில் துரு ஏறி, அது தன் பங்குக்கு 50 ஓம் சேர்த்தால் என்ன ஆகும்? போர்டு இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கும். ஓவன் இருப்பதைவிட 13 டிகிரி அதிகமாகச் சூடாகிவிட்டது என்று நம்பி ஹீட்டரை முன்கூட்டியே அணைத்துவிடும். உள்ளே இருப்பது வேகாது. அந்தத் தொடர்பு கெட்டுக்கொண்டே போய் ஒருநாள் முழுசாக விட்டுப்போனால் எஃப்3.

கோட் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. பிளக்கைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு மறுபடி போடுவதை எல்லோருமே முதலில் செய்வார்கள், நானும் செய்தேன். ஓவன் ஆறிக்கிடக்கும்போதே கோட் திரும்ப வந்தால் ஏதோ ஒன்று நிரந்தரமாக அறுந்திருக்கிறது. என் ஓவனில் அப்படி இல்லை. ஆறியிருக்கும்போது ஒழுங்காகத் தொடங்கும், நன்றாகச் சூடேறிய பிறகு நிற்கும். சூட்டில் உலோகம் விரியும்போது தளர்ந்த தொடர்பு ஒன்று விட்டுப்போகிறது என்பதற்கு இது நல்ல அடையாளம்.

வந்த சர்வீஸ்காரர் மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை எடுக்கவே இல்லை. திரையைப் பார்த்தார், 'போர்டை மாத்தணும் சார்' என்றார். ஒரு ரேஞ்சில் விலை கூடிய பாகம் அதுதான். அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அளக்கும் முன் ஒரு விஷயம். பிளக்கைக் கழற்றாமல் பின்பக்கத் தகட்டில் கை வைக்காதீர்கள். திரை இருண்டிருக்கிறது என்பதை வைத்து மின்சாரம் இல்லை என்று முடிவு செய்யவும் கூடாது. இரண்டு லைன் வரும் ரேஞ்சில் ஒன்று மட்டும் போயிருந்தாலும் திரை இருண்டுபோகலாம், மற்றதில் மின்சாரம் அப்படியே இருக்கும். பிளக் இல்லாமல் நேராக வயரிங்கில் இணைத்திருந்தால் பிரேக்கரை இறக்கி, டெஸ்டரால் சோதித்த பிறகே தொட வேண்டும். இதில் பழக்கம் இல்லாதவர்கள் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே நல்லது. மீட்டரை வைத்து எங்கே அளக்க வேண்டும் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.

ஓவனுக்குள் பின்சுவரின் மேல்பகுதியில் பென்சில் தடிமனில் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சென்சார், இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். அதன் வயர் பின்னால் ஒரு சின்னக் கனெக்டரில் போய்ச் சேரும். முதலில் கனெக்டரைப் பிரித்து, சென்சாரை மட்டும் தனியாக அளந்தேன். 1090 ஓமை ஒட்டி வந்தது. அறை வெப்பநிலைக்கு அது சரியான அளவு. ஒரு முனைக்கும் சென்சாரின் உலோக உறைக்கும் இடையே தொடர்பு எதுவும் இருக்கக் கூடாது, அதுவும் இல்லை. ஆக, சென்சாரில் பழுதில்லை. அப்புறம் கனெக்டரைத் திரும்பப் பொருத்தி, மேலே போர்டில் செருகும் முனையைக் கழற்றி அங்கிருந்து அளந்தேன். அதே எண்தான் வர வேண்டும். முதலில் அதைவிடக் கூடுதலாகக் காட்டியது. பின்னாலிருந்த வயரை லேசாக அசைத்ததும் எண் தாறுமாறாக ஓடி, ஒரு நொடி ஓ.எல். (அளக்க முடியாத அளவு தடை, அதாவது தொடர்பு அறுந்த நிலை) என்று காட்டிவிட்டு மறுபடி கீழே வந்தது. குற்றவாளி கனெக்டர்தான். பிரித்துப் பார்த்தால் ஒரு பின் மட்டும் பழுப்பேறி, அதைச் சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகி, நகத்தால் அழுத்தினாலே பொடிந்தது.

கவனம், எல்லா ஓவனிலும் பிளாட்டினம் சென்சார் இருக்காது. சிலவற்றில் சூடு ஏறினால் தடை குறையும் தெர்மிஸ்டர் வைத்திருப்பார்கள். நான் சொன்ன எண்கள் அதற்குப் பொருந்தாது, டெக் ஷீட்டில் உள்ள அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

கனெக்டரை வெட்டிவிட்டு, அதிகச் சூடு தாங்கும் வயருக்கான முனைகளை நசுக்கிப் பிடிக்கவைத்து (கிரிம்ப் செய்து), மேலே பீங்கான் மூடி போட்டேன். சாதாரண இன்சுலேஷன் டேப் அந்த இடத்தில் உருகி வழியும். சால்டரிங்கும் வேண்டாம், வழக்கமான வெள்ளீய-ஈயக் கலவை 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு எஃப்3 வரவில்லை. வேகும் நேரமும் பழையபடி ஆகிவிட்டது. பல ஓவன்களில் வெப்பநிலையை 15, 20 டிகிரி வரை கூட்டிக் குறைத்துக்கொள்ளும் அமைப்பு உண்டு. இந்த மாதிரிப் பழுதுக்கு அது உதவாது. தடை நிமிடத்துக்கு நிமிடம் மாறும்போது நிலையான ஒரு எண்ணைக் கூட்டி என்ன பயன்?

கனெக்டர் ஏன் வெந்தது என்பதற்கு என் சந்தேகம் ஓவன் தன்னைத்தானே அதிகச் சூட்டில் சுத்தம் செய்துகொள்ளும் செல்ஃப் கிளீன் மீதுதான். அந்த முறையில் உள்ளே சூடு 400 டிகிரியைத் தாண்டும். கதவுப் பூட்டு, வயர், ஃபியூஸ் எல்லாமே அந்தச் சூட்டைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். விளம்பரத்தில் பெரிதாகக் காட்டும் வசதி இது. நான் பயன்படுத்துவதை விட்டுவிட்டேன். பேக்கிங் சோடாவைக் குழைத்துப் பூசி இரவு முழுக்க விட்டுத் துடைத்தால் போதுமான அளவு போகிறது. கை வலிக்கும், அவ்வளவுதான்.

இடையில் ஒருமுறை பட்டன் ஒட்டிக்கொண்டதற்கான பிழைக் கோட் ஒன்றும் வந்தது. சுத்தம் செய்யும் திரவத்தைப் பேனலில் நேராகத் தெளித்துத் துடைத்ததில் ஓரம் வழியாக ஈரம் உள்ளே இறங்கியிருந்தது, காய்ந்ததும் சரியாகிவிட்டது. தெளிப்பதைத் துணியில் தெளித்துத் துடைத்தால் இது வராது. காய்ந்த பிறகும் இந்தக் கோட் வந்தால், மின்சாரத்தைத் துண்டித்து, பட்டன் பேனலின் பட்டை வயரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். கோட் போய்விட்டால் பேனல் பழுது, போகாவிட்டால் போர்டு.

தள்ளிப்போடக் கூடாதது ஒன்று உண்டு, அது அதிகச் சூட்டுக்கான கோட். பலவற்றில் எஃப்2. ஓவனை அணைத்த பிறகும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தால் போர்டில் ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். அங்கே பட்டனை அமுக்கிப் பயனில்லை, பிரேக்கரை உடனே இறக்குங்கள்.

இதே ரேஞ்சை மறுபடி வாங்குவேனா என்றால், வாங்குவேன். சூடு சீராகப் பரவுகிறது, கதவு இன்னும் இறுக்கமாக மூடுகிறது. வாங்கும் முன் கடைக்காரரிடம் இரண்டு மட்டும் கேட்பேன்: பின்பக்கத் தகட்டைச் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் கழற்ற முடியுமா, சென்சாரும் கனெக்டரும் தனியாகக் கிடைக்குமா.