உப்புக்காற்றில் ஒரு கைக்காகித ஏடு

பருத்தியிலிருந்து கையால் செய்த காகிதத்தை நூலால் தைத்து, கெட்டி அட்டைமேல் கைத்தறித் துணி ஒட்டி விற்கும் எழுத்தேடுகள் இப்போது மதுரையிலும் புதுச்சேரியிலும் கைவினைப் பொருள் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. நாட்குறிப்பு எழுதுவோர், சிறு ஓவியம் வரைவோர், பேருந்துச் சீட்டையும் காய்ந்த இலையையும் ஒட்டிப் பாதுகாப்போர் என எல்லாருக்கும் ஏற்றது என்று சொல்லியே அவற்றை விற்கிறார்கள். இராமநாதபுரம் கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு பொருந்தும் என்பதைப் பயன்படுத்திப் பார்த்து எழுதுகிறேன். வரைவதற்கும் ஒட்டுவதற்கும் இதைவிட நல்ல ஏட்டை நான் கையாண்டதில்லை. ஆனால் நாள்தோறும் பக்கம் பக்கமாக எழுதுவதற்கு இது உகந்ததல்ல.

நான் வாங்கியது ஏ5 அளவு. சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள தாள். விலை 350 ரூபாய். ஒருவர் கையிலேயே இருந்த ஏடும் அல்ல இது. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, தங்கச்சிமடம் ஆகிய ஊர்களில் இருக்கும் நண்பர்கள் நாங்கள் ஒரே ஏட்டைச் சுற்றில் விடுவது வழக்கம். ஒருவர் சில நாள் வைத்திருந்து, மனத்தில் பட்டதை எழுதியும் வரைந்தும் அடுத்தவருக்குக் கொடுத்தனுப்புவார். வீட்டு வாசலில் போட்ட கோலம், மீன் ஏலத்தில் கேட்ட பேச்சு, பனையோலைப் பெட்டியின் பின்னல் முறை, மகளுடைய பள்ளிக் கவலை, ஏற்றவற்றம் குறித்த அன்றாடக் குறிப்பு என எல்லாம் அதில் சேரும். ஆகவே, பல கைகளும் பல பேனாக்களும் பல வீடுகளின் ஈரமும் இந்த ஏட்டைச் சோதித்திருக்கின்றன. ஒருவருடைய மேசையில் மட்டும் இருந்த ஏட்டைப் பற்றி எழுதுவதைவிட இது நம்பத்தக்க சோதனை என்று நினைக்கிறேன்.

முதலில் ஈரத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இந்தக் கரையில் காகிதத்துக்கு வரும் பெரும்பாலான கேடுகளுக்கு அதுவே மூலம். எந்தக் காகிதமும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடலோரத்தில் அதோடு உப்பும் சேர்கிறது. சமையலுப்பின் முதன்மைக் கூறான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ அதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே, 33 விழுக்காட்டளவிலேயே, நீரை இழுத்துவிடும். திறந்த சன்னலருகே கிடக்கும் ஏட்டின்மேல் படியும் மெல்லிய உப்புப் படலம் வெயில் நாளிலும் அட்டையைப் பிசுபிசுப்பாக வைத்திருப்பது இதனால்தான். ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்குமேல் நீடித்து நின்றால் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடை வீசும் மாதங்களில் பாக் விரிகுடாப் பக்கத்து வீடுகளில் இந்த அளவு சர்வ சாதாரணம்.

அந்த மாதங்களில் இந்த ஏடு நடந்துகொண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. இயந்திரத்தில் செய்யும் காகிதத்தில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும்; ஈரம் ஏறும்போது இழைகள் நீளவாக்கைவிடக் குறுக்குவாக்கில் அதிகமாகப் பருக்கும்; அதனால் தாள் ஒரு பக்கமாகச் சுருண்டுகொள்ளும். கைக்காகிதத்தில், சல்லடைச் சட்டத்தைக் கூழில் முக்கித் தூக்கும்போது இழைகள் நான்கு திசையிலும் கலந்து படிவதால் அப்படி ஒரு பக்கச் சாய்வு பெரிதாக இருப்பதில்லை. தாள் சற்றுத் தடித்தது, தொட்டால் குளிர்ந்தது, ஆனால் சுருளவில்லை. தை மாத வெயில் வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பியது. அதே அலமாரியில் இருந்த பள்ளி நோட்டு அலையலையாக நெளிந்து, நடுவில் குத்திய கம்பி துருவேறி, இரு பக்கமும் பழுப்புக் கறை படிந்து போயிற்று. கம்பி குத்திய ஏடு எதையும் கடலோரத்தில் வாங்க வேண்டாம் என்று இதை வைத்தே உறுதியாகச் சொல்வேன். விலை எவ்வளவு குறைந்ததாக இருந்தாலும் நூல் தைத்ததையே கேட்டு வாங்குங்கள்.

பருத்தி என்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. இத்தகைய காகிதத்துக்குக் கூழ் பெரும்பாலும் பின்னலாடைத் தொழிலில் மிஞ்சும் துணி வெட்டுகளிலிருந்து வருகிறது. பருத்தி இழை கிட்டத்தட்ட முழுவதும் செல்லுலோஸ். மரத்தை அரைத்துச் செய்யும் செய்தித்தாளில் லிக்னின் என்னும் மரப்பொருள் இருப்பதால்தான் வெயில் பட்டதும் அது மஞ்சளாகிறது. பருத்திக் காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. பேரன் பேத்திகள் படிக்க வேண்டும் என்று எழுதுகிறவர்கள் இதைக் கணக்கில் கொள்ளலாம்.

எழுத்தைப் பொறுத்தவரை நிலைமை வேறு. காகிதத்தின் மேற்பரப்பு சற்றே சொரசொரப்பானது. மை ஊறாமல் தடுக்கும் பசைப்பூச்சின் அளவும் தாளுக்குத் தாள் மாறுகிறது. சில தாள்களில் மை பேனா அழகாக ஓடுகிறது. அடுத்த தாளிலேயே எழுத்தின் ஓரம் பிசிறடித்துப் பின்பக்கம் வரை ஊறிவிடுகிறது. மெல்லிய முனையுள்ள பேனாவில் இழை சிக்கிக்கொள்கிறது. இதற்குமேல் கடலோரத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. ராயல் நீல மை போன்ற சாய மைகள் நீரில் கரைபவை; படகிலிருந்து இறங்கிய ஈரக் கை பட்டாலே எழுத்து கலைந்துவிடும். கீழக்கரைத் தோழி, தமக்கு அடுத்து எழுதவிருந்த இளையவருக்கு ஏட்டின் ஓரத்தில் இப்படிக் குறித்திருந்தார்: "தங்கச்சி, மை பேனாவை எடுக்காதே, பென்சிலாவது பால்பாயிண்டாவது போதும். நான் எழுதிய மூன்று பக்கம் வியர்வையிலேயே போய்விட்டது." அடுத்த பக்கத்திலேயே பதிலும் இருந்தது: "சரி லாத்தா, கருப்பு ஜெல் பேனாவில் எழுதிப் பார்க்கிறேன்." அந்தக் கருப்பு ஜெல் எழுத்து இன்றும் தெளிவாக இருக்கிறது, காரணம், கருப்பு ஜெல் மைகளில் பல நிறமித் துகள்களால் ஆனவை, நீரில் கரையாதவை. வண்ண ஜெல் மைகளுக்கு இதே உறுதியைத் தர முடியாது. ஒரு மூலையில் எழுதி, ஈர விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவதே நல்லது. பால்பாயிண்ட் மை எண்ணெய் சேர்ந்தது என்பதால் நீருக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இந்தத் தடித்த தாளில் அழுத்தி எழுத வேண்டியிருக்கிறது, நாலைந்து பக்கத்தில் விரல் நோகத் தொடங்குகிறது.

ஓவியத்துக்கு வந்தால் நிறை மட்டுமே சொல்லத் தோன்றுகிறது. மாணவர்கள் பயன்படுத்தும் சாதாரண நீர்வண்ணக் கட்டிகளையே நாங்கள் பயன்படுத்தினோம். ஒரு பூச்சு காய்ந்தபின் மறு பூச்சு ஏற்றினாலும் தாள் உரியவில்லை. தவறான கோட்டை ஈரத் தூரிகையால் தேய்த்து எடுத்தபோதும் மேற்பரப்பு பஞ்சாகவில்லை. இதற்கும் மேலாக, தைத்த ஏடு முழுவதும் விரிந்து படுப்பதால் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படம் வரைய முடிகிறது. தங்கச்சிமடத்து நண்பர், 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தையும் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தையும் அருகருகே இரு பக்க அகலத்துக்கு வரைந்திருக்கிறார். பழைய பாலத்தின் நடுப்பகுதி இரு கைகளாகப் பிரிந்து மேலெழுந்தது. புதிய பாலத்திலோ 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக உயரும். நடுமடிப்பு சரியாகத் தூக்குப் பகுதியின்மேல் விழுந்தும் கோடு உடையாமல் தொடர்கிறது. பசை வைத்து மட்டும் ஒட்டிய ஏட்டில் அந்த இடம் மடிப்புக்குள் மறைந்திருக்கும், அல்லது விரித்துப் பிடித்த வேகத்தில் முதுகு பிளந்திருக்கும்.

நீர்வண்ணம் தீட்ட விரும்புவோர் வாங்குமுன் கடைசித் தாளின் மூலையில் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். துளி முத்தாகச் சிறிது நேரம் நின்றால் பசைப்பூச்சு போதிய அளவு இருக்கிறது. விட்டவுடன் உறிஞ்சினால் அது ஒற்றுத்தாள் போன்றது. அதில் வண்ணம் நிற்காது. கடைக்காரர் அனுமதிப்பாரா என்ற தயக்கம் வேண்டாம், நான் கேட்ட இடத்தில் மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டார்கள்.

இந்த ஏட்டின் உண்மையான சிறப்பு வெளிப்பட்டது பாசி பதித்தபோதுதான். கரையில் ஒதுங்கும் மெல்லிய செம்பாசிகளை ஒரு தட்டு நீரில் மிதக்கவிட்டு, அடியில் தாளை நுழைத்து மெல்லத் தூக்கினால், கிளைகள் விரிந்த நிலையிலேயே தாளில் படிந்துவிடும். அதன்மேல் மெல்லிய பருத்தித் துணியை விரித்து, ஒற்றுத்தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி, ஈரமாகும் ஒற்றுத்தாளை நாள்தோறும் மாற்றி வந்தால், காய்ந்ததும் பாசி தன் பசையாலேயே ஒட்டிக்கொள்கிறது. அகார் என்னும் கூழ்ப்பொருள் எடுக்கப்படும் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி முதலியவை செம்பாசி இனத்தவை. அந்தப் பசைத்தன்மை அவற்றின் இயல்பு. தடித்த பழுப்புப் பாசிகள் இப்படி ஒட்டுவதில்லை, காய்ந்ததும் பெயர்ந்து வருகின்றன. சாதாரண நோட்டுத் தாள் இந்த முறையில் நீரிலேயே கிழிந்துவிடும். ஏட்டிலிருந்து பிரிக்காமல் செய்வது கடினம் என்பதால், தாளைத் தனியே வாங்கிப் பதித்து, பிறகு ஏட்டில் ஓரம் ஒட்டுவதே நாங்கள் கண்ட வழி; ஏடு விற்கும் கடைகள் சிலவற்றில் அதே காகிதம் தனித்தாளாகவும் கிடைக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கரையில் கிடப்பது எல்லாம் ஏட்டில் ஒட்டுவதற்கு உரியதல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. அங்கிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது. பவளம், கடல்விசிறி, கடற்குதிரை ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுபவை. செத்து ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் வீட்டுக்கு எடுத்துச் செல்வது குற்றம். அவற்றை வரைந்துகொள்ளுங்கள், இந்தத் தாள் அதற்குத் தாராளமாக இடம் தருகிறது. சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களுக்கு எந்த மாதத்தில் எந்தப் பாசி வளரும் என்பது மனப்பாடம். அவர்களிடம் கேட்டுப் பெயரை எழுதிக்கொள்வது, பாசியைப் பதிப்பதைவிட ஏட்டுக்கு மதிப்புச் சேர்க்கும்.

அட்டையைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல முடியவில்லை. துணி அழகாக இருக்கிறது, ஆனால் உப்பு ஈரத்தை உறிஞ்சி மூலைகளில் கரும்புள்ளி பிடித்தது. மூடிக் கட்டுவதற்கு வைத்திருக்கும் பித்தளைப் பொத்தானில் பச்சைக் களிம்பு ஏறி, எதிர்ப்பக்கத் தாளில் கறையாயிற்று. பொத்தானுக்குப் பதில் நூல் கயிறு உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. முதுகில் தடவிய பசை மாவுப்பசை போலும், இராமபாணப்பூச்சி அங்கேதான் முதலில் அரித்தது. பழைய கட்டுநர்கள் மைதாப் பசை காய்ச்சும்போது சிறிது மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பதுண்டு. பூச்சியைத் தடுக்க அது உதவும், ஆனால் நஞ்சு என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாதபடி கையாள வேண்டும். வீட்டளவில், ஓலைச்சுவடிகளுக்குச் செய்தது போல, ஏட்டை வைக்கும் பெட்டிக்குள் வசம்பும் வேப்பிலையும் போட்டு வைத்தோம். பிறகு அரிப்பு இல்லை. ஈரமான ஏட்டைச் சுள்ளென்ற வெயிலில் காயப்போட வேண்டாம்; வண்ணம் வெளுத்து அட்டை வளையும். மின்விசிறிக்குக் கீழே விசிறியாக விரித்து நிறுத்தி வைத்தால் ஓர் இரவில் சரியாகிவிடும்.

ஆனி ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும்போது, ஓரம் வெட்டாமல் பிசிறாக விடப்பட்ட இந்தத் தாள்களின் விளிம்பில் மணல் தங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சிலருக்கு அந்தப் பிசிறு ஓரம் அழகு. புரட்டுவதற்கு அது இடைஞ்சல் என்பது என் கருத்து.

எழுத்து மட்டுமே போதும் என்பவர்களுக்கு, கணக்குப் பேரேடு போலத் தைத்துக் கட்டிய சாதாரண ஏடே சிறந்தது. கரும்புச் சக்கையிலிருந்து கூழ் எடுத்துக் கரூர் மாவட்டம் புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் செய்யும் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளை எந்த எழுதுபொருள் கடையிலும் வாங்கலாம். அதைக் கட்டுநரிடம் கொடுத்து மடித்துத் தைக்கச் சொன்னால், இந்த ஏட்டின் விலையில் பாதிக்கும் குறைவாகவே ஆகும். மை பேனா அதில் தடையின்றி ஓடுகிறது.

எங்கள் அடுத்த சுற்றுக்கான ஏட்டை இராமநாதபுரத்திலேயே ஒரு கட்டுநரிடம் சொல்லியிருக்கிறோம். ஒரு மடிப்பு கைக்காகிதம், ஒரு மடிப்பு 80 ஜிஎஸ்எம் தாள் என மாற்றி மாற்றித் தைத்து, பரமக்குடித் தறித்துணியை மேலே ஒட்டி, பொத்தான் இல்லாமல் கயிற்றால் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கைவினைக் கடையில் ஆயத்தமாக உள்ளதையே வாங்க விரும்புவோர், பாதி எழுத்தும் பாதி படமுமாக ஏட்டை நிரப்புகிறவர்கள் என்றால் 350 ரூபாய்க்குத் தயங்காமல் வாங்கலாம். வாடை தொடங்குமுன் புரட்டாசியிலேயே வாங்கி, தாள் உலர்ந்திருக்கும்போதே மூடியுள்ள பெட்டியில் வைத்துவிடுங்கள். முதல் மழைக்குப் பின் கடையில் வாங்கும் ஏடு ஏற்கெனவே ஈரம் ஏறியதாகத்தான் கைக்கு வரும்.