பால்போசிக்லிப், ரைபோசிக்லிப், அபெமாசிக்லிப்: பெட்டியையும் குறிப்புத்தாளையும் வைத்து ஓர் ஒப்பீடு

ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 என்ற புரதம் மிகாத மார்பகப் புற்றுநோய் பரவிவிட்டால், ஹார்மோன் சிகிச்சையோடு புற்றுநோய்ச் செல்கள் பெருகுவதைத் தடுக்கும் இந்த மூன்று மருந்துகளில் ஒன்றைச் சேர்ப்பது இன்று வழக்கம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இவற்றை முறையே 2015 பிப்ரவரி, 2017 மார்ச், 2017 செப்டம்பரில் அனுமதித்தது. இப்ரான்ஸ், கிஸ்காலி, வெர்செனியோ என்பவை பிராண்டு பெயர்கள். இங்கே சொல்வது பெரும்பாலும் அமெரிக்கக் குறிப்புத்தாள்களின்படி.

குறிப்புத்தாளைப் பிரித்ததும் கண் போவது மாதக்கணக்கில்தான். நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு நோய் முற்றுவதற்கு ஆன காலம்) பால்போசிக்லிப்பின் பலோமா-2 ஆய்வில் 24.8 மாதம், ரைபோசிக்லிப்பின் மொனாலீசா-2 ஆய்வில் 25.3, அபெமாசிக்லிப்பின் மொனார்ச்-3 ஆய்வில் 28.2. மூன்றையும் வரிசைப்படுத்தி “28 தான் பெரியது” என்று முடிவுகட்டுவது தவறு. மூன்றும் தனித்தனி ஆய்வுகள். முந்தைய சிகிச்சை முடிந்து 12 மாதத்துக்குள் நோய் திரும்பிய சிலரை பலோமா-2 சேர்த்துக்கொண்டது, மொனார்ச்-3 சேர்க்கவில்லை. அத்தகைய நோயாளிகளுக்கு நோய் வேகமாக முற்றுவது இயல்பு, அதனால் எண்ணும் இறங்கும். ஒவ்வொரு எண்ணையும் அதே ஆய்வில் அந்த மருந்து இல்லாமல் ஹார்மோன் சிகிச்சை மட்டும் பெற்ற குழுவின் எண்ணோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும்: 24.8-க்கு 14.5, 25.3-க்கு 16.0, 28.2-க்கு 14.8. அபாய விகிதம் 0.576, 0.568, 0.540. 0.576 என்றால் நோய் முற்றும் வேகம் சுமார் 42 சதம் குறைந்தது என்று பொருள். நூற்றில் 42 பேர் குணமானார்கள் என்று அதைப் படிக்கக் கூடாது.

ஆயுளைப் பற்றிய வரியை நான் தனியாகப் பார்ப்பேன். மொனாலீசா-2-இல் ரைபோசிக்லிப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 63.9 மாதம், பெறாதவர்களுக்கு 51.4; இந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாக நிற்கிறது. பலோமா-2-இலும் மொனார்ச்-3-இலும் அந்த உறுதி கிடைக்கவில்லை. முதல் வரிசைச் சிகிச்சையில் ரைபோசிக்லிப்பைப் பல மருத்துவர்கள் முன்வைக்க இது முக்கியக் காரணம், நியாயமான காரணமும்கூட.

பெட்டிகளை நேருக்கு நேர் ஒப்பிடலாம், ஒப்பிடவும் வேண்டும். வீட்டில் நடக்கும் தவறுகளில் பல அங்கேதான் தொடங்குகின்றன.

பால்போசிக்லிப் 125, 100, 75 மி.கி. என மூன்று அளவுகளில் வருகிறது. தினம் ஒன்று, 21 நாள். பிறகு 7 நாள் ஓய்வு. கேப்சூல் வடிவத்தைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் சிலருக்கு மருந்து சரியாக உட்கிரகிக்கப்படாது. 2019-இல் வந்த மாத்திரைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இந்தியாவில் 2023 ஜனவரியில் காப்புரிமை முடிந்தபின் பல நிறுவனங்களின் பால்போசிக்லிப் கிடைக்கிறது. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கேப்சூலா மாத்திரையா என்று பாருங்கள். கடைக்காரர் வேறு நிறுவனத்துடையதைக் கொடுத்தால் சாப்பாட்டு விதியும் மாறக்கூடும். அளவைக் குறைத்தால் பழைய பெட்டி வீணாகிவிடும். 125-ஐ உடைத்து 100 ஆக்க வழியில்லை.

ரைபோசிக்லிப்பில் ஒரே மாத்திரைதான்: 200 மி.கி. தினம் மூன்று மாத்திரை, 600 மி.கி.; இதுவும் 21 நாளும் 7 நாள் ஓய்வும். 600-க்கான பெட்டியில் 63 மாத்திரை, 400-க்கான பெட்டியில் 42. மருத்துவர் அளவைக் குறைத்தால் கையிலுள்ள பெட்டியிலிருந்தே தினம் இரண்டு எடுத்தால் போதும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பழைய பெட்டியின் அட்டை வரிசைப்படி ஒரு நாளுக்கு மூன்று என்றே கை பழகியிருக்கும். அளவு குறைந்த அன்றே பெட்டியின் மேல் பேனாவால் “தினம் 2” என்று பெரிதாக எழுதிவிடுங்கள். பரவாத ஆரம்பநிலை நோய்க்கு 2024-இல் அனுமதி வந்தபோது தொடக்க அளவே 400 மி.கி., 3 ஆண்டு. மருந்துக் கடையில் 63 மாத்திரைப் பெட்டி மாறி வந்தாலும் மாத்திரை ஒன்றுபோலவே இருக்கும், பார்வையால் கண்டுபிடிக்க முடியாது.

இதயத் துடிப்பின் க்யூடி இடைவெளியை (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்னோட்டம் தன் நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தை) நீட்டுவது இந்த மருந்தின் பலவீனம். தொடங்கும் முன்பும் 14ஆம் நாளும் இசிஜி வேண்டும். 450 மில்லிவினாடிக்குக் கீழ் இருந்தால்தான் தொடங்கலாம். டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மருந்தோடு சேர்க்கக் கூடாது. இதே மருந்தின் மொனாலீசா-7 ஆய்வில் டமாக்சிஃபெனோடு எடுத்தவர்களில் 16 சதம் பேருக்கு இந்த இடைவெளி 60 மில்லிவினாடிக்கு மேல் கூடியது, அரோமடேஸ் தடுப்பான் என்ற இன்னொரு வகை ஹார்மோன் மருந்தோடு எடுத்தவர்களில் 7 சதம்தான்.

அபெமாசிக்லிப்பில் ஓய்வு வாரமே கிடையாது. காலை ஒன்று, மாலை ஒன்று. ஹார்மோன் மருந்தோடு 150 மி.கி. ஒரு வாரத்துக்கு 14 மாத்திரை கொண்ட அட்டையாக வருவதால், இடையில் அளவு குறைந்தாலும் மாதம் முழுவதற்குமான மருந்து வீணாவதில்லை. டமாக்சிஃபெனோடும் கொடுக்கலாம். வயிற்றுப்போக்குதான் இதில் பெரிய தொல்லை: மொனார்ச்-3-இல் 81 சதம், அதில் கடுமையானது 9 சதம். பெரும்பாலும் முதல் வாரத்திலேயே ஆரம்பிக்கும், ஆகவே முதல் மாத்திரைக்கு முன்பே வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோப்பரமைடு வீட்டில் இருக்க வேண்டும். முதல் முறை இளகிப்போனதும் அதைத் தொடங்கி, தண்ணீரைக் கூட்டி, மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பால்போசிக்லிப்பின் அட்டவணையில் 80 சதம் பேருக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் குறைவு என்று இருப்பது பலரை மிரட்டுகிறது. அதோடு காய்ச்சலும் சேர்ந்தது பலோமா ஆய்வுகளில் 1.8 சதம் பேருக்கே. ரத்தப் பரிசோதனையில் பிடித்து, மருந்தை நிறுத்தி வைத்தால் எண்ணிக்கை பெரும்பாலும் ஏறிவிடும். காய்ச்சல் வந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு வேளை தவறினாலோ வாந்தியெடுத்தாலோ மூன்றுக்கும் ஒரே விதி: ஈடுகட்ட இன்னொன்று போடாமல் அடுத்த வேளைக்கு வழக்கம்போல் எடுப்பது. 21ஆம் நாள் ரைபோசிக்லிப் பெட்டியில் மூன்று மாத்திரை மிஞ்சியிருந்தால் ஒரு நாள் விட்டுப்போயிருக்கிறது. 22ஆம் நாள் அதை எடுத்து முடிக்க வேண்டாம். அடுத்த சந்திப்பில் பெட்டியோடு மருத்துவரிடம் காட்டுங்கள்.